தனக்கோடி விற்ற ஆறு விளக்குகள்

1952 ஏப்ரலில் பெங்களூருக்கு மின்வெட்டு வந்தபோது தனக்கோடிக்கு வயது நாற்பத்தொன்று. கையில் இருபது பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இருந்தன. சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில், கறிக்கடைகள் முடிந்து துணிக்கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் அவளுடைய வாடகைக் கடை. போர்டு கிடையாது. ‘காஸ் லைட்டு தனக்கோடி’ என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே கை காட்டுவார்கள்.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் டீ கிளாஸ், மறுகையில் விளக்கின் பம்பு. பேசிக்கொண்டே நடப்பாள். விளக்குக் கேட்டு வந்தவர்கள் அவள் பின்னாலேயே சந்து முனைவரை போய்த்தான் விஷயத்தை முடிக்கவேண்டும். மகள் சரளா சொல்வாள்: “எங்கம்மா தூங்கும்போதுகூட கால் ஆடிக்கிட்டே இருக்கும்.”

புருஷன் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்கார அதிகாரிகளின் விருந்துகளுக்கு விளக்குத் தூக்கியவன். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே டைபாய்டில் போய்விட்டான். யுத்தம் முடிந்து ராணுவம் மிச்சச் சாமான்களை ஏலம் விட்டபோது தனக்கோடி இருந்த நகையை விற்று, இருபது விளக்குகளை ஒரே லாட்டாக எடுத்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை நிறம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது.

அதனால்தான் வளையம் போட்டாள்.

சாயங்காலம் பிணத்துக்கு முன்னால் போன விளக்கு மறுநாள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் போகக்கூடாது. இது அந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்த வழக்கம். எந்தக் கடைக்காரர் அதைக் கடைப்பிடிக்கிறார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தனக்கோடி அதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தாள். பன்னிரண்டு விளக்குகளின் எண்ணெய்த் தொட்டியைச் சுற்றிச் சிவப்பு வளையம், அவை கல்யாணத்துக்கு. எட்டுக்குக் கறுப்பு வளையம், அவை சாவுக்கு. சிவப்பு வலது பலகையில், கறுப்பு இடது பலகையில். தூக்குகிற ஆட்கள்கூட வேறு வேறு. பெண்வீட்டார் யாராவது வந்தால் முதலில் இடது பலகையைக் காட்டுவாள். “அது அந்தப் பக்கம். அதுல அடைப்பு குத்துற பின்னைக்கூட இதுல போடமாட்டேன். மத்த கடையில போய்க் கேளுங்க, முழிப்பாங்க.” மற்ற கடை என்றால் முக்கியமாக விவேக் நகர் ஆம்ப்ரோஸ் கடை. ஆம்ப்ரோஸின் விளக்குகள் எல்லாம் கலந்தவை என்பது அவள் ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஊருக்கே தெரிந்த செய்தியாகிவிட்டது.

அவள் இதை நிஜமாகவே நம்பினாளா என்று கேட்டால், “நம்பாம எப்படி விக்கிறது” என்பாள்.

மின்வெட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது மணிவரை. அணையில் தண்ணீர் இல்லை என்றார்கள். ஒவ்வொரு டிவிஷனுக்கும் முன்னேற்பாட்டுக்காக ஐந்நூறு ரூபாய் ஒதுக்கியிருப்பதாகவும், அதை எப்படிச் செலவழிப்பதென்று டிவிஷன் கமிட்டி முடிவுசெய்யலாம் என்றும் கவுன்சிலர் கிருஷ்ணப்பா பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார். வந்திருந்தவர்கள் இருநூறு பேருக்குமேல் இருக்கும். ஜன்னலிலும் ஆட்கள்.

“ஒரு பெரிய சங்கு வெக்கணும்,” என்றார் புடவைக் கடைக்காரர் ஒருவர். “கரண்டு போறதுக்கு முன்னாடி ஊதணும்.”

“போனப்புறம் ஊதவேணாமா?”

“போனப்புறம் எப்படிங்க ஊதும்? அதுவும் கரண்டுலதானே ஓடுது.”

கறிக்கடை பாய் ஒருவர் எழுந்து, “எங்க லைன்ல ரெண்டு லைட்டு குடுங்க சாமி. இருட்டுல ஆட்டை வெட்டறமா விரலை வெட்டறமான்னு தெரியல,” என்றார்.

“தராசு தெரியாம இருக்கிறதுல உங்களுக்கு நஷ்டமா பாய்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்து அடங்க நேரம் ஆயிற்று.

தனக்கோடி நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. “பிரசவ ஆஸ்பத்திரியில பத்து பெட்டு,” என்றாள். “இருக்கிறது ரெண்டு அரிக்கேன் லைட்டு. ஏழு மணிக்கு கரண்டு போவுதுன்னா, கொழந்தை ஒன்பது மணி வரைக்கும் உள்ளேயே காத்திருக்குமா?”

கிருஷ்ணப்பா கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கேலியும் தமிழிலேயே வரும். “ஏனம்மா தனக்கோடி, விளக்கு வெச்சிருக்கிறவ விளக்கு வேணும்னு சொல்றே.”

“குடை விக்கிறவன் நனையச் சொல்லுவானா, அய்யா?”

அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. ஒக்கலிபுரத்தில் கட்டிக்கொடுத்த சரளா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மே மாதத்தில் நாள். ஆஸ்பத்திரியை நடத்திய நர்ஸ் மிஸஸ் ஹெர்பர்ட் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை திரும்பவில்லை, கால் பக்கம் கீழே இருக்கிறது, வலி வரும்வரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கொண்டுவந்து படுக்கவை என்று சொல்லியிருந்தார். கால் முதலில் வரும் குழந்தையை அரிக்கேன் வெளிச்சத்தில் எடுப்பதைப்பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான். அன்றையிலிருந்து தனக்கோடிக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கடைசியில் முடிவானது ஆறு விளக்குகள். நாலு ஆஸ்பத்திரிக்கு, ஒன்று தண்ணீர்க் குழாயடிக்கு, ஒன்று கமிட்டி ஆபீசுக்கு. மிச்சப் பணம் மண்ணெண்ணெய்க்கு. கடைகளில் புது விளக்கு ஒன்றுகூட மிச்சமில்லை, ஊரே வாங்கியிருந்தது. எனவே தனக்கோடியிடமிருந்தே எடுத்துக்கொள்வதென்று தீர்மானம் போட்டார்கள். அவளுடைய சிவப்பு விளக்குகளில் எட்டு, வைகாசி முகூர்த்தங்களுக்காக ஹொசகோட்டே பக்கத்துக் கிராமங்களுக்குப் போயிருந்தன. தூக்கும் ஆள் பெருமாள்சாமி மூன்று கல்யாணத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்புவான். மீதியிருந்த நாலு சிவப்பையும் ஆஸ்பத்திரிக்கென்று கொடுத்தாள். குழாயடிக்கும் ஆபீசுக்கும் ரெண்டு கறுப்பு. “செவப்பு ஆஸ்பத்திரி, கறுப்பு வெளியே. மாத்திடாதீங்க,” என்று கிருஷ்ணப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள். அவரும் இரண்டு தடவை தலையாட்டினார்.

கோயிலுக்குக் குத்துவிளக்கு கொடுத்தால் அடியில் ‘உபயம்’ என்று பெயர் வெட்டுவார்கள். மணி கொடுத்தாலும் வெட்டுவார்கள், அண்டா கொடுத்தாலும் வெட்டுவார்கள். பொதுப் பணத்தில் வாங்கிய விளக்கு மட்டும் எழுத்தில்லாமல் போகலாமா? ஆறு விளக்குகளையும் கிருஷ்ணப்பா முதலில் ஒரு சைக்கிள் கடைப் பெயின்டரிடம் அனுப்பினார். பெயின்டர் திருத்தமான ஆள். பழைய வண்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரம் பளபளத்ததும் சாம்பல் நிறம் இரண்டு கோட்டு அடித்து, ஒன்றிலிருந்து ஆறுவரை நம்பர் போட்டு, கன்னடத்திலும் தமிழிலும் ‘டிவிஷன் கமிட்டி உபயம்’ என்று வளைத்து எழுதினான். காய்ந்ததும் கமிட்டி ஆள் கையில் கிடைத்த நாலை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தான்.

அன்று மின்வெட்டு நாள். சரளா மூன்று நாளாக அங்கேதான் படுத்திருந்தாள். சாயங்காலம் விளக்கேற்றிக் காட்ட வந்த தனக்கோடி, வராந்தாவில் வரிசையாக நின்ற நாலு சாம்பல் விளக்குகளைப் பார்த்தாள். வராந்தா முழுக்க வயிற்றுப் பிள்ளைக்காரிகள், அவர்களுடைய அம்மாக்கள், மாமியார்கள்.

“ஐயையோ, இதுல சாவு வெளக்கு எது?” என்றாள்.

அதை அவள் கமிட்டி ஆளைப் பார்த்துக் கேட்டாள். ஆனால் அவளுடைய குரல் கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

அவன் முழித்தான். “எல்லாம் ஒண்ணுதானேம்மா. நம்பர் வேணும்னா பாத்துக்கோ.”

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. விளக்கை ஏற்ற ஒருத்தியும் விடவில்லை. “அது எரியறதுக்கு இருட்டே மேல்,” என்றாள் ஒரு கிழவி. இரண்டு அரிக்கேன்களை வைத்துக்கொண்டு ஒன்பதுவரை ஓட்டினார்கள். நல்லவேளையாக அந்த நேரத்தில் எதுவும் பிறக்கவில்லை. காலையில் பத்தில் ஆறு படுக்கை காலி.

மிஸஸ் ஹெர்பர்ட்டுக்கு நாற்பது வருஷமாகப் பேசும் தமிழ் ஒன்று இருந்தது. “ஒரு மாசம் மீட்டிங் போட்டே, லைட்டு வாங்கினே. ஒரு நிமிஷம் வாயைத் திறந்தே. என் வார்டு காலி,” என்றார். “அந்தப் பொண்ணுங்க எங்கே போகும் தெரியுமா? வீட்டுக்குப் போகும். அப்புறம் பாதி வந்த கேஸா என்கிட்ட தூக்கிட்டு வரும்.”

அதற்குள் ஜட்கா வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. சரளாவின் மாமியார் சந்திரம்மா இறங்கினாள். செய்தி ஒக்கலிபுரம் போய்ச்சேர ஒரு இரவு போதுமாக இருந்திருக்கிறது.

“சம்மந்தி, பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்.”

“கால் பக்கமா இருக்குன்னு நர்ஸம்மா சொல்றாங்க. அவசரப்படாதீங்க.”

“என் மவனுக்குத் தலைச்சன் புள்ள இது. பொணத்துக்கு முன்னாடி போன வெளிச்சத்துலயா கண்ணைத் திறக்கணும்? நீயே சொல்லு. ஊருக்கெல்லாம் சொன்னவ நீதானே.” சந்திரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தனக்கோடிக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நானும் ஆறு பெத்தேன். அதுல ஒண்ணு காலாலதான் வந்துச்சு.”

“அது இப்போ எங்கே?” என்று மிஸஸ் ஹெர்பர்ட் கேட்டார்.

சந்திரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அது வேற கதை,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மருமகளின் துணிமூட்டையை எடுத்தாள். சரளா அம்மாவைப் பார்த்தாள். மறுத்துப் பேச அம்மாவுக்கு வாயில்லை என்று தெரிந்ததும் மெல்ல எழுந்து வண்டியில் ஏறினாள். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தையும் சேர்த்து மாமியார் ஏற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த மின்வெட்டு மறுநாள் சாயங்காலம். தனக்கோடி அன்று முழுக்க நடந்தாள். மார்க்கெட்டில் மூன்று கடை, அவென்யூ ரோடில் நாலு கடை, புது விளக்கு எங்கேயும் இல்லை. ஹொசகோட்டேக்கு ஆள் அனுப்பலாமென்றால், பெருமாள்சாமி எந்தக் கிராமத்தில் எந்தக் கல்யாணத்தில் நிற்கிறான் என்று தெரியாது. பாதி வழியில் கல்யாணத்தை இருட்டாக்கிவிட்டு அவனை வரச்சொல்லவும் முடியாது. கடைசியில், வாழ்க்கையில் கால் வைக்கமாட்டேன் என்று சொன்ன கடையில் போய் நின்றாள்.

ஆம்ப்ரோஸ் ஒரு விளக்குக்கு மேன்டில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைவிட நாலைந்து வயது சின்னவன். மாதா கோயில் தேருக்கு விளக்குக் கொடுப்பவன்.

“வாக்கா. வழி தவறிட்டியா?”

“நாலு விளக்கு வேணும். ஆஸ்பத்திரிக்கு. நாளைக்கே.”

“எடுத்துட்டுப் போ. காசும் வேணாம்.” அவன் நூலை முடிச்சுப்போட்டுப் பல்லால் கடித்தான். “ஆனா ஒண்ணு. அங்கே இருக்கிற பொம்பளைங்க இது யார் கடை லைட்டுன்னு கேட்டா இன்னா சொல்லுவே?”

தனக்கோடி விளக்கை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“ஆம்ப்ரோஸ் லைட்டு எல்லாம் கலந்ததுன்னு சிவாஜிநகர்ல சின்னக் கொழந்தை சொல்லும்க்கா. யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது.” சிரித்தான். “உன்னுதுல நாலுக்கு ரெண்டுதான் சந்தேகம். என்னுதுல நாலும் நிச்சயம். டீ சாப்பிடறியா?”

டீ சாப்பிடாமல் கிருஷ்ணப்பா வீட்டுக்கு நடந்தாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். புதிதாக வாங்கப் பணம் இல்லை, எண்ணெய்க்குக் கொடுத்தாயிற்று. அடுத்த ஒதுக்கீடு எப்போது என்று சொல்லமுடியாது. அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: “சிவப்பு பெயின்ட் வாங்கி நாலுக்கும் வளையம் போடு. கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லு. உன் பேச்சை யாரு சந்தேகப்படப் போறாங்க?”

“எனக்கே தெரியாதே அய்யா. நாலும் செவப்பா இருக்கலாம். ரெண்டு கறுப்பா இருக்கலாம்.”

“நாலும் சிவப்பா இருக்கலாம் இல்ல? ஆமா தானே? அதைச் சொல்லு.”

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் பார்க்க, தனக்கோடி நாலு விளக்குகளையும் ஒவ்வொன்றாகக் குலுக்கினாள், பம்பை இழுத்துப் பார்த்தாள், அடியில் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். எதையும் கேட்கவில்லை, கேட்பதற்கும் ஒன்றுமில்லை. பிறகு, “நாலும் நம்ம கல்யாண வெளக்குதான்,” என்று சொல்லிவிட்டு ‘உபயம்’ என்ற எழுத்தின்மேலேயே சிவப்பு வளையம் போட்டாள். கிருஷ்ணப்பா சொன்னது நடந்தது. போன ஆறு பேரில் மூன்று பேர் மதியத்துக்குள் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். முந்தாநாள் இருட்டே மேல் என்ற கிழவி வளையத்தைப் பார்த்து, “இப்பதான் கண்ணுக்கு நல்லாருக்கு,” என்றாள். மிஸஸ் ஹெர்பர்ட் மட்டும் பெயின்ட் கையைப் பார்த்தார்.

தனக்கோடி கையைக்கூடத் துடைக்காமல் ஒக்கலிபுரத்துக்கு ஜட்கா பிடித்தாள்.

சந்திரம்மாவின் வீடு ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில். சரளா சுவரோரம் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வேர்த்திருந்தது. தனக்கோடி வாசலில் நின்றபடியே சொன்னாள்: கண்டுபிடித்தாயிற்று, நாலும் சிவப்பு, வளையமும் போட்டாயிற்று, மற்ற பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள், கிளம்பலாம்.

சந்திரம்மா அவளுடைய கையிலிருந்த சிவப்பைப் பார்த்தாள். “நெசமாவா?”

“நெசம்தான்.”

“சரி. உன் பொண்ணு தலையில கையை வெச்சுச் சொல்லு. அனுப்பறேன்.”

வண்டிக்காரன் குதிரையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் வெளியே கேட்டது. தனக்கோடி உள்ளே வந்தாள், பாய் பக்கத்தில் குனிந்தாள், கையை நீட்டினாள். மகளின் நெற்றிக்கும் அந்தக் கைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. ஊரில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். கை இறங்கவில்லை. நிமிர்ந்தாள். இரண்டு அடி நடந்தாள், அந்த அறையில் அதற்குமேல் நடக்க இடமில்லை, திரும்பினாள்.

“தெரியாது சம்மந்தி,” என்றாள். “எது எதுன்னு எனக்குத் தெரியாது.”

“அப்போ போய்ட்டு வா.”

“யம்மா,” என்றாள் சரளா பாயிலிருந்து. “என்னைத் தூக்கிவிடு.”

“நீ படு,” என்றாள் மாமியார்.

“மத்தியானத்துலேர்ந்து வலிக்குது அத்தே. உங்ககிட்ட சொல்லல.” சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஆடி, புரட்டாசின்னு மழை கொட்டற மாசத்துல எங்க கடைக்கு யாரு வருவாங்க? ஒரு கல்யாணக்காரனும் வரமாட்டான். பொணம்தான் வரும். கறுப்பு வளையம்தான் போகும். அப்பல்லாம் எங்க வீட்டுல சோறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? அதைத் தின்னுதான் வளந்தேன். அது உள்ளே இருக்கும்போது இது வெளியே எரிஞ்சா இன்னா?”

“வாய்க்கு வாய் பேசாதே.”

“பேசல அத்தே. எனக்கு சாவு வெளக்கு பயமில்ல. இருட்டுதான் பயம். நீங்களும் வாங்க. வழியெல்லாம் திட்டிக்கிட்டே வாங்க, பரவால்ல.”

அடுத்த வலி வந்தது. அவள் தாடையை இறுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். காலால் வந்த குழந்தை ஒன்றைப் பெற்றவளுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கவேண்டும். சந்திரம்மா துணிமூட்டையை எடுத்தாள். கதவைப் பூட்டினாள். வண்டியில் ஏறி மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தனக்கோடியின் பக்கம் திரும்பவில்லை.

ரயில் கேட் போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி அவசரமே இல்லாமல் போனது. தனக்கோடி இறங்கிக் கேட்டுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தாள். “நீ நடந்தா ரயில் சீக்கிரம் போயிடுமா?” என்று வண்டிக்காரன் கேட்டான். சேஷாத்ரிபுரம் தாண்டும்போது தெருவிளக்குகள் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அணைந்தன. ஊர் முழுக்க ‘ஹோ’ என்று ஒரு சத்தம் கிளம்பி அடங்கியது. அதற்கப்புறம் குதிரைக்குத் தெரிந்த வழிதான்.

சந்துமுனையில் திரும்பியதும் ஆஸ்பத்திரி வராந்தா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நாலு விளக்குகளும் சீறிக்கொண்டு எரிந்தன. மிஸஸ் ஹெர்பர்ட் தானே பம்பு அடித்து ஏற்றியிருந்தார்.

சரளாவை உள்ளே கொண்டுபோன பிறகு சந்திரம்மா வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “வளையத்தைப் பாத்து ஏமாறாதீங்க. எது எதுன்னு அவளுக்கே தெரியாது. அவ வாயாலயே சொன்னா.”

எல்லோரும் தனக்கோடியைப் பார்த்தார்கள்.

“ஆமா,” என்றாள் தனக்கோடி. “பெயின்ட்டு காலையிலதான் அடிச்சேன்.”

கிழவி எழுந்து தன் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். படியிறங்கி இரண்டடி வைத்தாள். எதிரே சந்து கிணறு மாதிரி இருந்தது. மகள், “எங்கே போறது? கல்லுல இடறி விழவா?” என்றாள். கிழவி நின்றாள். உள்ளேயிருந்து சரளாவின் சத்தம் வந்தது. கிழவி திரும்பி வந்து, விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழவில்லை.

உள்ளே விளக்கு மாட்ட இருந்த கொக்கி சுவரில் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து வந்த வெளிச்சத்தில் மிஸஸ் ஹெர்பர்ட்டின் நிழலே அவர் வேலைசெய்கிற இடத்தில் விழுந்தது. “யாராச்சும் பிடி. கீழே. இன்னும் கீழே.” தனக்கோடி ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றாள். ஆறு வருஷம் விளக்கை வாடகைக்கு விட்டவள்; தூக்கிக்கொண்டு நிற்பது எப்போதும் வேறு யாரோ. தொட்டியின் சூடு மணிக்கட்டில் அடித்தது. கை மாற்ற நினைத்தாள்.

“ஆடாதே,” என்றார் மிஸஸ் ஹெர்பர்ட்.

முதலில் ஒரு குதிகால் தெரிந்தது, பிறகு இன்னொன்று. உடம்பு வந்து, கைகள் வந்து, தலை நின்றது. மிஸஸ் ஹெர்பர்ட் விரலை உள்ளே விட்டு எதையோ தேடினார். “லைட்டு,” என்றார் ஒருமுறை. தனக்கோடி முழங்காலிட்டு விளக்கைத் தாழ்த்தினாள். அவள் அசையவே இல்லை என்று பிற்பாடு மிஸஸ் ஹெர்பர்ட் பலரிடம் சொன்னார், நம்பியவர்கள் குறைவு.

பெண் குழந்தை. நீலமாக இருந்தது, இரண்டு அறை வாங்கியபின் அழுதது.

சந்திரம்மா உள்ளே வந்தாள். குழந்தையின் காலை முதலில் பார்த்தாள், அப்புறம் முகத்தை. பிறகு விளக்கைப் பார்த்தாள். “இது எது?”

“ரெண்டாம் நம்பர்,” என்றாள் தனக்கோடி.

சந்திரம்மா குழந்தையை வாங்கி, வெளிச்சத்தின் பக்கம் கொண்டுபோய்க் கை கால் விரல்களை எண்ணினாள்.

மின்வெட்டு ஜூலை வரை நீடித்தது. அந்த நாலு விளக்குகளும் ஆஸ்பத்திரியிலேயே எரிந்தன. முதலில் சிலர் வராமல் இருந்தார்கள், அப்புறம் வந்தார்கள். கல்யாணக்காரர்கள் அப்படியில்லை. ஹொசகோட்டேயிலிருந்து பெருமாள்சாமி எட்டுச் சிவப்பு விளக்குகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். ஆனியில் அவற்றைக் கேட்டு ஒரு பெண்வீட்டாரும் வரவில்லை. “வளையத்தை அவளே போட்டுக்குவா” என்ற பேச்சு மார்க்கெட் முழுக்கப் போயிருந்தது. ஆடி பிறந்ததும் தனக்கோடி சந்துக் கடையைக் காலிசெய்தாள். பதினாலு விளக்குகளையும் கைவண்டியில் ஏற்றி விவேக் நகருக்குத் தள்ளிக்கொண்டு போய், ஆம்ப்ரோஸ் கடையில் கூட்டுச் சேர்ந்தாள்.